ரீஸ்டோருக்கு அடுத்த பேக்கப்: ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் என் அனுபவத்தில்

பேக்கப் மென்பொருள் விமர்சனங்களில் ரீஸ்டோர் (பேக்கப்பிலிருந்து மீட்பது) எவ்வளவு வேகம் என்று எழுதுவார்கள். ரீஸ்டோர் ஆன விஎம்முக்கு (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிக்கு) அன்றிரவு ஓடும் பேக்கப் எப்படியிருக்கும் என்று யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். டேலி ஓடும் விண்டோஸ் விஎம், ஃபைல் சர்வர், ஈஆர்பி (நிறுவன மேலாண்மை மென்பொருள்) டேட்டாபேஸ் எல்லாம் விஎம்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருளில். முன்பு வேறொரு இடத்தில் நான் பயன்படுத்திய மென்பொருள், ரீஸ்டோர் ஆன விஎம்மைப் புது மெஷினாகவே எடுத்துக்கொள்ளும். உடனே முழு பேக்கப் ஆரம்பிக்கும். ஸ்டோரேஜ் நிரம்பி, வரிசையில் பின்னால் இருந்த நல்ல விஎம்களுக்கும் அன்றைக்கு பேக்கப் கிடையாது.

வியன்னா நிறுவனமான ப்ராக்ஸ்மாக்ஸ் 2020 நவம்பரில் முதல் பதிப்பை வெளியிட்ட இந்த பேக்கப் சர்வரில் அந்தத் தொல்லை இல்லை. விஎம் டிஸ்க்கை 4 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கைரேகை போலக் கணக்கிட்ட எஸ்எச்ஏ-256 மதிப்பின் பெயரிலேயே வைக்கிறது. ஒரே துண்டு எத்தனை முறை வந்தாலும் ஒரு பிரதிதான். ரீஸ்டோர் ஆன டிஸ்க் அதே துண்டுகளிலிருந்து வந்தது என்பதால், பூட் ஆன பிறகு மாறியதற்கு மட்டுமே புது இடம் வேண்டும்.

நேரம் வேறு கணக்கு. எந்தப் பகுதி மாறியது என்று குறித்துவைக்கும் டர்ட்டி பிட்மேப், விஎம்மை இயக்கிக்கொண்டிருக்கும் கியூஎம்யூ பிராசஸின் நினைவகத்தில் இருக்கிறது. ரீஸ்டோர் செய்தால் அது போய்விடும். விஎம்மை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தாலும் போய்விடும். அதனால் முதல் பேக்கப் டிஸ்க் முழுவதையும் படித்தே ஆக வேண்டும். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் 500 ஜிபி படிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். இதை ராத்திரி அட்டவணைக்கு விடாமல், ரீஸ்டோர் முடிந்து ஆட்கள் விஎம்மைச் சரிபார்த்ததும், மதிய உணவு நேரத்தில் நானே கையால் ஓட்டிவிடுவேன். விஎம் நிற்காமல் ஓடினால், அடுத்த பேக்கப் பழையபடி சில நிமிடம்தான்.

விஎம் ஐடியில் கவனம் வேண்டும். பழைய ஐடியிலேயே ரீஸ்டோர் செய்தால் பேக்கப் வரலாறு தொடரும், ஆனால் இருக்கும் டிஸ்க் அழிந்துவிடும். அதற்கு முன் கெட்டுப்போன விஎம்மையும் ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பு ஏதாவது அதிலிருந்து தேவைப்படலாம். புது ஐடி கொடுத்தால் புதுக் குழு (ஒரு விஎம்மின் பேக்கப் வரிசை) தொடங்கும். ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் குழுவில் முந்தைய பேக்கப் இல்லாததால் எல்லாத் துண்டுகளும் நெட்வொர்க்கில் ஒருமுறை போகும். சேமிப்பிடம் மட்டும் அதிகமாகாது. இன்னொன்று: அட்டவணைப்படி ஓடும் பேக்கப் ஜாபில் விஎம்களை ஐடி வாரியாகத் தேர்ந்திருந்தால் புது ஐடி அதில் இருக்காது. எந்தப் பிழைச் செய்தியும் வராது, பேக்கப்பும் நடக்காது. பேக்கப் ஜாபில் சேராத விஎம்களின் பட்டியலை டேட்டாசென்டர் பேக்கப் பக்கத்திலேயே பார்க்கலாம். ரீஸ்டோர் செய்த அன்று அதைக் கட்டாயம் திறந்து பாருங்கள்.

எந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து (ஒரு தடவை எடுத்த பேக்கப்) மீட்டீர்களோ அதற்கு 'புரொடெக்டட்' குறி போடுங்கள். இல்லாவிட்டால் புது பேக்கப்கள் சேரச் சேர, பழைய பேக்கப்களை நீக்கும் ப்ரூன் விதி அதை வெளியே தள்ளிவிடும். பழைய கோளாறு மறுபடி தலைகாட்டும்போது திரும்பிப் போக அது ஒன்றுதான் இருக்கும்.

துண்டுகளைப் பகிர்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு துண்டு கெட்டால், அதைப் பயன்படுத்தும் பழைய பேக்கப், புது பேக்கப் எல்லாமே கெடும். ஆகவே துண்டுகள் கெட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் வெரிஃபை ஜாப் தவறாமல் ஓட வேண்டும், வேறு கட்டடத்தில் இன்னொரு பேக்கப் சர்வருக்கு சிங்க்கும் (பேக்கப்களின் நகல் போவதும்) வேண்டும். வெரிஃபை, தேவைப்படாத துண்டுகளை நீக்கும் கார்பேஜ் கலெக்‌ஷன் இரண்டும் லட்சக்கணக்கான சிறு கோப்புகளைத் தொடுகிற வேலை. சாதா ஹார்ட் டிஸ்க்கில் இழுத்தடிக்கும். முடிந்தால் எஸ்எஸ்டி போடுங்கள்.

மென்பொருள் ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் இலவசம், சந்தா கட்டாயமில்லை. உங்கள் விஎம்கள் ப்ராக்ஸ்மாக்ஸில் ஓடுகின்றன என்றால் தயங்காமல் போடலாம்.