சிவப்பு பொட்டாஷா, சல்பேட் பொட்டாஷா: நீலகிரித் தோட்டத்துக்கு எது?

நீர்போகத்துக்கு (மழை குறைந்த மாதங்களில் பாசனத்தில் செய்யும் பயிர்) உரம் வாங்கும்போது பலர் தடுமாறும் இடம் இது. பொட்டாஷ் சத்து இரண்டிலும் ஒன்றுதான். கூடவே வருவதில்தான் வித்தியாசம். 60 கிலோ சத்து வேண்டுமென்றால் சிவப்பு பொட்டாஷ், அதாவது மியூரியேட், 100 கிலோ போட வேண்டும். அதோடு கிட்டத்தட்ட 47 கிலோ குளோரைடும் மண்ணில் இறங்கும். சல்பேட்டில் 120 கிலோ. கூட வருவது சுமார் 21 கிலோ கந்தகம்.

குளோரைடு விஷமில்லை. ஒளிச்சேர்க்கையில் தண்ணீரைப் பிளக்க இலைக்கு அது துளியளவு வேண்டும். மிஞ்சினால்தான் வம்பு. வேர் அதைச் சுலபமாக உறிஞ்சிவிடும். நீரோடு மேலே ஏறி இலை ஓரத்தில் சேரும். செல் அதைத் தன் நடுவிலுள்ள வாக்குவோல் என்ற பைக்குள் தள்ளி அடைத்து வைக்கிறது. அங்கே இடம் தீர்ந்ததும் பைக்கு வெளியேயுள்ள செல் கூழான சைட்டோபிளாசத்தில் உப்பு ஏறி நொதிகள் முடங்கும், முதிர்ந்த இலைகள் ஓரத்திலிருந்து கருகும். சல்பேட் மெதுவாகத்தான் ஏறும். ஏறியதில் ஒரு பங்கு அமினோ அமிலமாகவும் மாறிவிடும்.

அடைத்து வைக்கும் திறமை எல்லாப் பயிருக்கும் ஒன்றுபோல் கிடையாது. பீட்ரூட் கடலோரச் செடியின் வம்சம். உப்பை வாக்குவோலில் அடைத்துவிட்டு, அதற்கு வெளியே கிளைசின் பீட்டைன் என்ற பொருளைச் சேர்த்துச் சமன் செய்துகொள்ளும். மண்ணின் உப்பளவு (மின்கடத்தலை வைத்து அளப்பது) மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸ் வரை போனாலும் விளைச்சல் குறையாது. பீன்ஸ், கேரட், ஸ்ட்ராபெர்ரி மூன்றும் 1 தாண்டினாலே சுணங்கும். உருளைக்கு 1.7. குளோரைடு கூடினால் கிழங்கில் மாவும் குறையும், சிப்ஸுக்குக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

ஆக, பீட்ரூட்டுக்கு சல்பேட் வாங்குவது வீண் செலவு; மானியத்தில் வரும் சிவப்பு பொட்டாஷே போதும். மழைக்காலப் பயிரான கார்போகத்திலும் பெரிய வித்தியாசம் தெரியாது. குந்தா பக்கத் தென்மேற்கு மழை குளோரைடை அடித்துக்கொண்டு போய்விடும் (பொட்டாஷையும் கொஞ்சம் சேர்த்துத்தான், அதனால் பிரித்துப் போடுங்கள்). நீர்போகத்தில் பீன்ஸோ ஸ்ட்ராபெர்ரியோ வைப்பவர்கள் சல்பேட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம், தப்பில்லை.

சல்பேட் நம் புளிப்பு மண்ணை இன்னும் புளிப்பாக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அது அம்மோனியம் சல்பேட்டின் குணம், அதிலும் அம்மோனியத்தின் வேலை. பொட்டாஷ் சல்பேட் என்ன பாவம் செய்தது?

அப்புறம், அடியுரமாக 10:26:26 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் கலந்த உரம்) போட்டிருந்தால் அதிலுள்ள பொட்டாஷ் பெரும்பாலும் மியூரியேட்தான். மேலுரத்துக்கு மட்டும் சல்பேட் வாங்கினால் குளோரைடு பாதிதான் குறையும். பீன்ஸுக்கு அடியில் பொட்டாஷ் இல்லாத டி.ஏ.பி. போட்டு, பொட்டாஷ் முழுவதையும் சல்பேட்டாகக் கொடுப்பதே சரி.