உப்புக்காற்றில் என் லெப்டொப்: ஒரு டைப்-சி போர்ட்டின் கதை

2021 தை மாதம் வாங்கிய லெப்டொப். சூம் வகுப்புக் காலம் அது. சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கும் அதில்தான் படிப்பிக்கிறேன். திரையிலும் கீபோர்டிலும் குறை இல்லை. பட்டரி முன்பு ஆறு மணித்தியாலம் நின்றது, இப்போது மூன்றரை. வயசுக்கு அது சரி. நான் எழுத வந்தது இடது பக்கத்து டைப்-சி போர்ட்டைப் பற்றி. இந்த மாடலில் சார்ஜ் ஏறுவதற்கு அது ஒன்றுதான் வழி. வாங்கும்போது அதை நான் கவனிக்கவே இல்லை. இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால், சார்ஜ் ஏறுகிற டைப்-சி இரண்டு உள்ளதாகப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன்.

எங்கள் வீடு திருகோணமலையில், டச்பே கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. ஜன்னல் கம்பி வருடா வருடம் பெயின்ட் கேட்கும். சைக்கிள் செயினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் வீட்டுக்குள் மேசையில் கிடக்கிற சாமானை உப்பு என்ன செய்துவிடும் என்றுதான் இருந்தேன்.

2023 கார்த்திகை, வாடை பிடித்து மழை கொட்டிய ஒரு கிழமை. வகுப்பு நடுவில் சார்ஜ் லைட் விட்டு விட்டு எரிந்தது. வயரை ஆட்டினால் வரும், கையை எடுத்தால் போகும். சில நேரம் 'மெதுவான சார்ஜர்' என்று திரையில் ஒரு வரி வந்து நிற்கும்.

அன்று இரவு முழுக்கத் தவறான இடத்தில் தேடினேன். டிவைஸ் மேனேஜருக்குள் போய் யூஎஸ்பி டிரைவர்களை அழித்துத் திரும்பப் போட்டேன். சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்தேன். பயோஸை, அதாவது கணினியைத் தொடக்கிவிடுகிற அடிப்படை மென்பொருளைப் புதுப்பிக்கலாம் என்று பார்த்தால், முதலில் சார்ஜரைச் செருகு என்கிறது. அது ஏறினால் நான் ஏன் உன்னிடம் வரப்போகிறேன்!

அடுத்த நாள் புதுச் சார்ஜர் வாங்கினேன். அதே நோய். இந்தச் செலவு இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது. பக்கத்து வீட்டில் யாரிடமாவது சார்ஜரையும் கேபிளையும் இரவல் வாங்கிப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்திருக்கும். இரவல் வாங்குவதென்றால் கேபிளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். என்னுடையது 65 வாட் சார்ஜர், அதாவது 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியருக்கு மேல் கொடுக்காது. அதற்கு மேல் வேண்டுமென்றால் தலைக்குள் சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் தேவை. வெறும் போன் கேபிளைச் செருகிவிட்டு 'மெதுவான சார்ஜர்' என்று வந்தால் போர்ட்டைக் குறை சொல்லக் கூடாது.

உண்மையான துப்பு தற்செயலாகக் கிடைத்தது. இருட்டில் பிளக்கைத் தலைகீழாகச் செருகிவிட்டேன். சார்ஜ் ஜம்மென்று ஏறியது. திருப்பிச் செருகினால் பழையபடி விட்டு விட்டு. டோர்ச் அடித்துப் பார்த்தபோது போர்ட்டின் அடியில் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோலத் தூசி இறுகிக் கிடந்தது. பிளக் முழுதாக உள்ளே போகவே இல்லை. குண்டூசியால் நோண்டலாம் என்றார் வீட்டுக்காரர். நல்ல வேளை, நான் விடவில்லை. நடுவில் இருக்கிற நாக்கு மெல்லியது, அதில்தான் 24 தொடுகம்பிகளும் இருக்கின்றன. கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மரப் பல்குச்சியைச் சீவி மெதுவாகக் கிளறினேன். பிறகு 99 சதவீத ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட சிறு பிரஷ். பாமசியில் கிடைக்கிற ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், அதைத் தொட வேண்டாம். ஒரு மணித்தியாலம் காயவிட்டேன்.

ஆறு மாதம் பிரச்சினை இல்லை. 2024 வைகாசியில், கச்சான் காற்று தொடங்கிய நேரம், பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் சார்ஜ் அடியோடு செத்துப்போனது. கொழும்பில் கேட்டதற்கு மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். விலை கிட்டத்தட்ட லெப்டொப்பின் பாதி. சரி, வருவது வரட்டும் என்று இங்கேயே போன் திருத்துகிற ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். அவருடைய கடைவாசலில் ஒரு மான் படுத்திருந்தது. திருகோணமலைக்காரருக்கு இது செய்தியே இல்லை.

அவர் வோல்ட் காட்டுகிற சின்ன யூஎஸ்பி மீட்டர் ஒன்றை இடையில் மாட்டினார். ஒரு பக்கம் 20 வோல்ட். பிளக்கைத் திருப்பினார், பூச்சியம்.

"டீச்சர், இது சார்ஜர் பிழை இல்ல. சீசி பின் போயிற்று."

டைப்-சி சார்ஜர் எடுத்த எடுப்பில் மின்சாரம் தராது. சீசி என்ற தொடுகம்பி வழியாக எதிர்ப்பக்கம் ஆள் இருக்கிறதா என்று பார்த்து, முதலில் 5 வோல்ட் தந்து, பேசி முடித்த பிறகுதான் 20க்கு ஏறும். போர்ட்டில் இந்த சீசி இரண்டு உண்டு. பிளக் எந்தப் பக்கமாகச் செருகப்படுகிறதோ அந்தப் பக்கத்துச் சீசிதான் வேலை செய்யும். அதுதான் ஒரு பக்கம் உயிரோடும் மறு பக்கம் பிணமாகவும் இருந்த காரணம். உருப்பெருக்கியில் காட்டினார்: அந்தக் கம்பியில் பச்சைக் களிம்பு. சீசிக்கு அடுத்த கம்பியே 20 வோல்ட் போகிற கம்பி, இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இல்லை. உப்பும் ஈரமும் அதற்குள் புகுந்தால், மின்சாரமே செம்பைத் தின்றுவிடும். நானோ சார்ஜரை இரவும் பகலும் செருகியே வைத்திருந்தவள்.

சூடான காற்றால் பழைய போர்ட்டை எடுத்துப் புதிதை ஒட்டிக் கொடுத்தார். மூன்று நாள் எடுத்தது, செலவு புதுச் சார்ஜரை விடக் கொஞ்சம்தான் கூட. எல்லாக் கடையிலும் இதைச் செய்யக் கொடுக்க மாட்டேன். கொடுக்கும் முன் இதே வேலை செய்த போர்டு ஒன்றைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

காந்தத் தலை வைத்த அடாப்டர் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் டீச்சர், அது யூஎஸ்பி விதியிலேயே இல்லாத சாமான் என்றார். அதனால் போர்ட்டுக்கு ஒரு சிலிக்கன் மூடி போட்டிருக்கிறேன். பட்டரி நிறைந்ததும் வயரைக் கழற்றி மூடிவிடுவேன். மழை நாளில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் செருகுவது.

அவரிடமிருந்து அந்த மீட்டரைப் போல ஒன்று வாங்கிக்கொண்டேன். மாதம் ஒருமுறை பிளக்கை இரு பக்கமும் மாற்றிப் பார்க்கிறேன். போன கிழமை பார்த்தபோதும் இரண்டு பக்கமும் 20. தேவையில்லாமல் வாங்கிய சார்ஜரில் வீட்டுக்காரரின் போன் ஏறிக்கொண்டிருக்கிறது.