பழைய கல்கால், புது வலை: எங்கள் வீட்டு வேலியின் ஐந்து ஆண்டுகள்

வேலூரிலிருந்து ஆரணி போகும் சாலையில், கணியம்பாடிக்குச் சற்று முன்பாகப் பிரியும் தெரு ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு கரடு. மழை வந்தால் அதன் தண்ணீர் முழுவதும் எங்கள் தோட்டத்தின் வழியாகத்தான் இறங்கும். 1984இல் என் மாமனார் வாங்கிய மனை இது. பத்திரத்தில் இன்றும் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றே இருக்கிறது. வீட்டுக்கு வானம் தோண்டும் முன்பே அவர் மூன்று பக்கமும் கருங்கல் கால்கள் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார். அந்த வேலி முப்பத்தாறு ஆண்டுகள் நின்றது. 2020 நவம்பரில் நிவர் புயல் கொண்டுவந்த மழையில் பின்பக்கத்து மண் கரைந்து ஏழெட்டுக் கால்கள் சாய்ந்தன. கம்பியோ அதற்கு முன்பே கையால் ஒடிக்கும் அளவுக்குத் துருப்பிடித்திருந்தது.

2021 பிப்ரவரி கடைசியில் பக்கத்து ஊர் மேஸ்திரி ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தேன். வேலி போட்ட மறுவாரம் எழுதும் பாராட்டு வேலியைப் பற்றி எதையும் சொல்லாது. அப்போது எல்லா வேலியும் நேராகத்தான் நிற்கும். அதனால்தான் ஐந்து கோடைகளும் ஐந்து மழைக்காலங்களும் கடந்த பிறகு எழுதுகிறேன்.

முதலில் இரண்டு பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் இடத்தைப் பார்க்காமலேயே தொலைபேசியில் அடிக்கணக்கில் விலை சொன்னார். மற்றவர் ரெடிமேட் காம்பவுண்ட், அதாவது தூண்களுக்கு நடுவே சிமெண்ட் பலகைகளைச் செருகும் சுவர் போடலாம் என்றார். இரண்டே நாளில் முடியும் என்ற பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாவதாக வந்த மேஸ்திரிதான் கரட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, இந்தத் தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்டார். பின்பக்கம் சுவர் எழுப்பினால் அது ஏரிக்கரை போலத் தண்ணீரைத் தேக்கும், தேங்கிய தண்ணீர் ஒரு நாள் சுவரையே தள்ளும் என்று விளக்கினார். செயின்லிங்க் வலை போட்டால் தண்ணீர் தன் வழியில் போய்விடும். அவரை நான் தேர்ந்தெடுத்ததற்கு இந்த ஒரு கேள்வியே காரணம்.

அளக்காமல் குழி எடுக்க மாட்டேன் என்பது அவருடைய அடுத்த நிபந்தனை. புலப்பட நகலை எடுத்து, கட்டணம் கட்டி, சர்வேயர் வந்து அளக்க மூன்று வாரம் ஆயிற்று. தெற்குப் பக்கம் பழைய வேலி எங்கள் மனைக்குள்ளேயே ஒன்பது அங்குலம் தள்ளி இருந்தது தெரியவந்தது. ஒன்பது அங்குலத்துக்காக முகம் திரிந்துபோன குடும்பங்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். மேஸ்திரி பக்கத்து வீட்டுப் பெரியவரை அழைத்து, நூல் கயிற்றின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார். மறுமுனையை என் கணவர் பிடித்தார். இருவரும் பிடித்த நூலின் மேல்தான் சுண்ணாம்புக் கோடு விழுந்தது. இன்றுவரை அந்த எல்லையைப் பற்றி ஒரு சொல்கூட எழவில்லை. வேலை தெரிந்தவர்கள் பலர் இருக்கலாம். அண்டை வீட்டு உறவையும் வேலியின் ஒரு பகுதியாகப் பார்க்கிறவர் கிடைப்பது அரிது.

பழைய கல்கால்களைப் பற்றித்தான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. அவற்றை விற்றுவிட்டு எல்லா இடத்திலும் புதிய சிமெண்ட் கம்பங்களே நடலாம், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் என்பது என் எண்ணம். அவர் ஒவ்வொரு கல்லையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கணீரென்று ஒலித்ததை ஒரு பக்கமும் மொத்தையாக ஒலித்ததை இன்னொரு பக்கமும் அடுக்கினார். இருபத்தைந்தில் பத்தொன்பது தேறின. "இது மலையிலிருந்து ஆப்பு வைத்துப் பிளந்த கல். உங்கள் மாமனார் காலத்துக் கூலிக்கு இன்று யாரும் பிளந்து தர மாட்டார்கள். துருவும் பிடிக்காது, கரையானும் தின்னாது. இதைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள்" என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் என்னைத் தடுத்தது.

வடக்கும் தெற்கும் தலா 90 அடி, மேற்கே பின்பக்கம் 60 அடி, ஆக 240 அடி. ஏழரை அடிக்கு ஒரு கால் என்று மொத்தம் 33 கால்கள் வேண்டும். மூலைகளுக்கும் வடக்குப் பக்கம் முழுவதற்கும் தெற்கில் கொஞ்சத்துக்கும் பழைய கற்கள் போதுமானவையாக இருந்தன. மீதி 14 கால்களுக்கும் புதுக் கல்லே வாங்கலாம் என்றார். நான் செலவுக்கு அஞ்சி சிமெண்ட் கம்பம் போதும் என்றேன். வலையிலும் அப்படியே. 10 கேஜ் கம்பி வலையைத்தான் அவர் சொன்னார். பின்பக்கத்துக்கு மட்டும் 12 கேஜ் போடச் சொன்னது நான். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 10 கேஜ் என்றால் 3.25 மில்லிமீட்டர், 12 கேஜ் என்றால் 2.64. எண்ணில் சிறிய வித்தியாசமாகத் தெரிந்தாலும் எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். வலையை எடை போட்டு விற்பதால் அந்த அளவுக்குப் பணம் மிச்சமாகும் என்றுதான் கணக்குப் போட்டேன். பொருளும் கூலியும் சேர்த்து அடிக்கு 165 ரூபாய், மொத்தம் 39,600 ரூபாய் என்று பேசி முடித்தோம்.

வேலையில் நான் நின்று பார்த்துக் கற்றது மூலைக்கால்களைப் பற்றி. ஒவ்வொரு மூலைக்கும் இரு திசையிலும் சாய்வாக முட்டுக்கால் கொடுத்தார். எதற்கு இத்தனை என்று கேட்டதற்கு, வலையின் இழுவை முழுவதும் மூலையில்தான் வந்து சேரும், மூலை ஓர் அங்குலம் உள்ளே சாய்ந்தால் நடுவில் வலை தொய்ந்து தரையைத் தொடும் என்றார். குழிகள் இரண்டடி ஆழம். சிமெண்ட் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்று கலவை போட்டார். கான்கிரீட் போட்ட பிறகு ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, அதுவரை வலையை வண்டியிலிருந்தே இறக்கவில்லை. மார்ச் மாத வேலூர் வெயிலில் ஒரு வேளை தவறினாலும் கான்கிரீட்டின் மேல் வெள்ளைக் கோடுகள் விழுவதை நானே பார்த்தேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஏழு நாள் தண்ணீர் ஊற்றியது போக ஆறு நாள் வேலை என்றவர் முடிக்கப் பதினாறு நாள் எடுத்துக்கொண்டார். நடுவில் மயானக் கொள்ளை வந்தது. அவர் ஊர் அங்காளம்மன் கோயில் திருவிழாவுக்கு ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். திருவிழாவுக்குப் போவதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அந்த நாட்களில் பின்பக்கம் திறந்தே கிடந்து, ஆடுகள் என் கீரைப்பாத்தியை முழுவதும் மேய்ந்துவிட்டன. இன்னொன்று, பின்பக்கம் நான்கு குழிகளில் ஒன்றரை அடியிலேயே பாறை வந்தது. உடைக்கும் இயந்திரத்துக்கு ஒரு நாள் வாடகை 2,500 ரூபாய் யார் தருவது என்று அரைநாள் வேலை நின்றது. கடைசியில் பாதிப் பாதி ஏற்றுக்கொண்டோம். நம் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் பாறை வரலாம். அதை முன்கூட்டியே ஒரு வரி எழுதிக்கொள்ளாதது இருவரின் தவறு. பழைய முள்கம்பித் துண்டுகளை அள்ளிக்கொண்டு போவதாகச் சொன்னவர் மூன்று மாதம் கழித்துத்தான் வந்தார். அதற்குள் என் மகன் காலில் ஒன்று குத்தி, ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்த ஒன்றை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை.

முதல் சோதனை அதே ஆண்டு நவம்பரில் வந்தது. பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடிய மழை அது. கரட்டிலிருந்து முழங்கால் அளவுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கியது. வலையில் சருகும் முள்ளும் வந்து அடைத்தபோது நானும் கணவரும் மழையில் நின்று கழியால் தள்ளிவிட்டோம். தண்ணீர் வழிந்து போயிற்று. ஒரு கால்கூட அசையவில்லை. தெருக்கோடியில் அதே மழையில் பலகைச் சுவர் ஒன்று இருபது அடி நீளத்துக்குப் படுத்துவிட்டது.

2023 ஜனவரியில், பக்கத்துக் கிராமத்தில் எருது விடும் விழா. ஓட்டம் முடிந்தும் பிடிபடாத காளை ஒன்று எங்கள் சந்துக்குள் வந்து வடக்குப் பக்க வலையில் முழு வேகத்தில் மோதியது. வலை உள்பக்கம் குடம் போலப் புடைத்தது, கட்டுக்கம்பிகள் இரண்டு அறுந்தன. கல்கால் அப்படியே நின்றது. காளை திகைத்து நின்று, பிறகு திரும்பிப் போய்விட்டது. அதன் மார்பில் ஒரு கீறல்கூட இல்லை. பழைய முள்கம்பி வேலியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் உடல் நடுங்குகிறது. மறுநாள் மேஸ்திரி குறடுடன் வந்து கட்டிக் கொடுத்தார்; பணம் வாங்கவில்லை.

வடக்குப் பக்கம் ஐந்து ஆண்டுகளாகச் செலவே வைக்கவில்லை. பின்பக்கத்தில்தான் நான் மிச்சம் பிடித்ததற்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்காம் ஆண்டில் பின்பக்கத்து ஏழு சிமெண்ட் கம்பங்களில் மூன்று நெடுக்காக வெடித்தன. வெடிப்பில் பழுப்பு நிறத்தில் துரு கசிந்தது. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி மேற்பரப்புக்கு மிக அருகில் இருந்திருக்கிறது. ஈரம் புகுந்து துருப்பிடித்த இரும்பு பருத்து, சிமெண்டைப் பிளந்துவிட்டது. வாங்கப் போன அன்றே மேஸ்திரி சில கம்பங்களைத் தட்டிப் பார்த்து, இவை வார்த்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, கான்கிரீட் முழு வலு பெற 28 நாள் வேண்டும், இரண்டு வாரம் பொறுக்கலாம் என்றார். அவசரப்பட்டது நான்தான். 12 கேஜ் வலையும் ஆடுகள் சாய்ந்து சாய்ந்து வயிறு தள்ளி நிற்கிறது. அடிப்பக்கம் மண் அரித்த இடத்தில் நாய்கள் நுழைகின்றன. சருகு குவிந்து ஈரம் தங்கும் இடங்களில் மட்டும் வலையின் வெள்ளைப் பூச்சு போய்த் துரு தெரிகிறது. மாதம் ஒரு முறை சருகை வாரி ஒதுக்க ஆரம்பித்த பிறகு அது பரவவில்லை.

குரங்குகளை எந்த வேலியும் தடுக்காது. மலையடிவாரத்தில் இருப்பவர்கள் அந்த எதிர்பார்ப்போடு வேலிக்குச் செலவு செய்ய வேண்டாம். ஆட்டுக்கு மருந்து என் மாமியார் சொன்னதுதான்: வலையை ஒட்டி ஆடாதொடையும் நொச்சியும் வைத்தோம். ஆடு அவற்றில் வாய் வைப்பதில்லை. தெற்குப் பக்கம் இப்போது இடுப்பளவுக்குப் பச்சை எழும்பியிருக்கிறது.

அதே மேஸ்திரியை மீண்டும் அழைப்பேனா என்று தெருவில் சிலர் கேட்கிறார்கள். அழைத்துவிட்டேன். வெடித்த மூன்று கம்பங்களையும் 2025 ஆகஸ்டில் மாற்றினார். கல்கால் ஒன்று 600 ரூபாய், ஏற்று இறக்கு கூலி தனி. இந்த முறை எத்தனை நாள், பாறை வந்தால் யார் பொறுப்பு, பழைய கம்பியை எடுத்துப்போக வேண்டிய தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவர் தயங்காமல் போட்டார். வேலை முடிந்த அன்றே குப்பையை அள்ளிக்கொண்டு போனார். மீதி நான்கு கம்பங்களையும் பின்பக்க வலையையும் மழைக்காலத்துக்கு முன் மாற்றப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். 10 கேஜ் வலை, அடியில் ஓர் இழுவைக் கம்பி, கால்கள் எல்லாம் கல்.