ப்ரூஜ், ஃபுளோரன்ஸ், சார்ப்ரூக்கன்: ஐரோப்பியச் சட்டம் படிக்க எங்கே போவது?

மிலான் நகரத்து வக்கீல் ஃபிளமீனியோ கோஸ்டா, 1,925 லீரா கரண்ட் பில்லைக் கட்ட மாட்டேன் என்றார். இத்தாலி அரசு 1962-இல் மின்சாரக் கம்பெனிகளை நாட்டுடைமை ஆக்கியிருந்தது. அப்படிப் பறிபோன கம்பெனி ஒன்றில் அவருக்குப் பங்கு இருந்தது, அந்தக் கோபம். அற்பத் தொகைக்கான வழக்கு லக்ஸம்பர்க் வரை போனது. 1964 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இது: ஐரோப்பியச் சமூகத்தின் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) சட்டமும் உறுப்பு நாட்டின் சட்டமும் மோதினால், உள்நாட்டுச் சட்டம் பிந்தி வந்ததாகவே இருந்தாலும், சமூகத்தின் சட்டமே மேல். ஐரோப்பியச் சட்டம் படிக்கிற யாரும் முதல் சில வாரங்களிலேயே இந்த பில்லைப் பார்த்துவிடுவார்கள்.

எங்கே போய்ப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. ஒரே மாதத்தில் இரண்டு பேர் என்னிடம் இதைக் கேட்டார்கள். ஒருவன் என் சித்தி மகன். பாரிஸ் பக்கத்தில் பிறந்து வளர்ந்து, அங்கேயே சட்டம் முடித்தவன். இன்னொருத்தி தோழியின் தங்கை. திருச்சியில் ஐந்து வருடப் படிப்பை முடித்துவிட்டு, வெளிநாட்டில் எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலை படிக்க ஆசைப்படுகிறாள். இருவர் கையிலும் அதே மூன்று பெயர்கள். பெல்ஜியத்தில் ப்ரூஜ் நகரத்து ஐரோப்பியக் கல்லூரி, இத்தாலியில் ஃபுளோரன்ஸுக்கு மேலே குன்றில் இருக்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனம், ஜெர்மனியில் சார்ப்ரூக்கன் நகரத்துச் சார்லாந்து பல்கலைக்கழகத்தின் ஐரோப்பா இன்ஸ்டிட்யூட். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட், லைடன் பல்கலைக்கழகங்கள் எல்லாம் என்ன பாவம் செய்தன என்று கேட்பீர்கள். நல்ல இடங்கள்தான். ஆனால் இந்த மூன்றும் ஐரோப்பாவை ஒன்றாகக் கட்டுகிற வேலைக்கென்றே தொடங்கப்பட்டவை. அதனால் இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ப்ரூஜ்தான் மூத்தது. 1948-இல் ஹேக் நகரத்தில் கூடிய மாநாட்டில் ஸ்பானியரான சல்வடோர் டி மடரியாகா முன்வைத்த யோசனை, அடுத்த ஆண்டே கல்லூரி ஆனது. போர் முடிந்து நாலே வருடம். நேற்று வரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த நாடுகளின் பிள்ளைகளை ஒரே விடுதியில் தங்க வைத்து, ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார வைப்பதுதான் முதல் பாடம். இன்றும் அந்த ஏற்பாடு மாறவில்லை. பத்து மாதப் படிப்பு, கல்லூரி விடுதியில் வாசம், ஒவ்வொரு ஆண்டு மாணவர் கூட்டத்துக்கும் ஒரு பெரியவரின் பெயர். சட்டத்துறையில் ஆங்கிலம், பிரெஞ்சு என்று இரண்டு மொழியிலும் வகுப்பு நடக்கும். படித்து வந்தவர்கள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரஸ்ஸல்ஸ் அலுவலகங்களில் இவர்கள் தொகை அதிகம். பின்லாந்து ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டப் இங்கே படித்தவர். பிரிட்டனில் துணைப் பிரதமராக இருந்த நிக் க்ளெக் படிப்போடு மனைவியையும் இங்கேதான் கண்டுபிடித்தார்.

ஒரு வேடிக்கை. 1988 செப்டம்பர் 20 அன்று இந்தக் கல்லூரியின் அழைப்பில் வந்து பேசினார் அன்றைய பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர். பிரிட்டனில் அரசின் கையைக் கஷ்டப்பட்டுக் குறைத்தது, பிரஸ்ஸல்ஸிலிருந்து இன்னொரு பெரிய அரசு வந்து உட்காரவா என்கிற தொனியில் வாங்கு வாங்கு என்று வாங்கினார். அடுத்த ஆண்டே லண்டனில் ஒரு குழு, ஐரோப்பிய ஒருங்கிணைப்பை எதிர்ப்பதற்காக, ‘ப்ரூஜ் குழு’ என்று பெயர் வைத்துக்கொண்டது. வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர் வீட்டின் பெயரையே எடுத்துக்கொண்டு போன கதை.

ஃபுளோரன்ஸ் வேறு ஜாதி. 1972-இல் அன்றைய ஆறு உறுப்பு நாடுகள் ஒப்பந்தம் போட்டு உருவாக்கி, 1976-இல் முதல் ஆய்வாளர்கள் வந்த இடம். இத்தாலிய மண்ணில் இருந்தாலும் இது இத்தாலியப் பல்கலைக்கழகம் இல்லை. பல அரசுகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு. முக்கியமாக முனைவர் பட்டத்துக்கான இடம், நாலு வருடம். சட்டத்துறை வில்லா சல்வியாத்தி என்ற பழைய மாளிகையில் இருக்கிறது. அதே வளாகத்தில்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரலாற்று ஆவணக் காப்பகமும். பிரஸ்ஸல்ஸ் அமைப்புகளின் கோப்புகள் முப்பது வருடம் கழித்து இங்கே வந்து சேரும். வகுப்பறையிலிருந்து இறங்கி நடந்தால், சட்டத்தை எழுதியவர்கள் அடித்துத் திருத்திய வரைவையே கையில் எடுத்துப் பார்க்கலாம். ஆய்வாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

1980-களில் சட்ட அறிஞர்கள் மௌரோ கப்பெல்லெத்தியும் ஜோசப் வைலரும் இங்கே நடத்திய ‘சட்டத்தின் வழியே ஒருங்கிணைப்பு’ என்ற ஆய்வுத் திட்டம்தான், ஐரோப்பாவை இணைத்ததில் அரசியல்வாதிகளுக்கு இணையாக நீதிபதிகளுக்கும் பங்கு உண்டு என்ற பார்வையை நிலைநிறுத்தியது. கோஸ்டாவின் பில்லை ப்ரூஜ் மாணவன் பார்த்தால், இந்த விதியைத் தன் மனுவில் எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்று யோசிப்பான். ஃபுளோரன்ஸ் மாணவன், ஒப்பந்தத்தில் எங்கேயும் எழுதாத இந்த அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு யார் கொடுத்தது என்று கேட்பான். இரண்டும் நல்ல கேள்விகள். ஆனால் ஒரே தலையில் இரண்டும் சேர்ந்து இருப்பது அபூர்வம்.

இப்போது சார்ப்ரூக்கன். மற்ற இரண்டு ஊரையும் சுற்றுலா விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். இதை யாரும் காட்ட மாட்டார்கள். நிலக்கரியும் உருக்கும் விளைந்த ஊர், அழகென்று சொல்ல முடியாது. எனக்கு என்னவோ மூன்றில் இதுதான் அதிகம் பிடிக்கிறது.

போருக்குப் பிறகு, இந்த ஊர் இருக்கும் சார் பகுதி ஜெர்மனியிலிருந்து பிரிக்கப்பட்டு பிரான்ஸின் கையில் இருந்தது. 1948-இல் பிரெஞ்சுக்காரர்களின் தயவில், பழைய ராணுவக் குடியிருப்பில் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1951-இல் ஐரோப்பா இன்ஸ்டிட்யூட். சார் மண்ணை ஜெர்மனிக்கும் இல்லாமல் பிரான்ஸுக்கும் இல்லாமல், தனி ஐரோப்பியப் பகுதியாக ஆக்கிவிடலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. 1955 அக்டோபர் 23 அன்று மக்களிடம் கேட்டார்கள். 67.7 சதவீதம் பேர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். 1957 ஜனவரி 1 முதல் சார் மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்தது; கையில் இருந்த பிராங்க் நோட்டு மார்க் ஆக 1959 ஜூலை வரை ஆனது. ஐரோப்பாவே வேண்டாம் என்று சொன்ன ஊரில் ஐரோப்பா இன்ஸ்டிட்யூட் மட்டும் மூடப்படாமல் நின்றுவிட்டது. ஒருங்கிணைப்பைப் படிக்க, அதை ஒருமுறை நிராகரித்த ஊரைவிட நல்ல ஊர் எது?

அதே பல்கலைக்கழகத்தில், ஜெர்மன் மண்ணில் இருந்துகொண்டே பிரெஞ்சுச் சட்டம் படிக்க வைக்கும் பிரெஞ்சு-ஜெர்மன் சட்ட மையமும் 1955-இலிருந்து இருக்கிறது. ஊரின் டிராம் எல்லையைத் தாண்டி பிரான்ஸின் சார்குமின் வரை போகிறது. ஒரு நாட்டில் வீடு, இன்னொரு நாட்டில் வேலை, பென்ஷன் எந்த நாட்டில் என்று கேட்கிற கட்சிக்காரர் இந்த ஊர் வக்கீலுக்குப் பாடப்புத்தக உதாரணம் இல்லை. வாசலில் வந்து நிற்கிற ஆள். இங்கே எல்.எல்.எம். ஓராண்டு, ஐரோப்பியச் சட்டம், பன்னாட்டுச் சட்டம் இரண்டும். ஜெர்மன் மொழியிலும் ஆங்கிலத்திலும் பாடம்.

சரி, பணம். ப்ரூஜில் விடுதி, சாப்பாடு சேர்த்து ஆண்டுக்கு 25 ஆயிரம் யூரோவைத் தாண்டும். உதவித்தொகை உண்டு, பெரும்பாலும் ஏதாவது ஓர் அரசு தருவது. அது இல்லாமல் கைக்காசில் போகிற இடம் இல்லை. ஃபுளோரன்ஸில் ஐரோப்பியர் தன் நாட்டு அரசின் உதவித்தொகையோடு வந்து படிக்கிறார். இந்தியருக்கு அந்தக் கதவு மிகவும் குறுகல். சார்ப்ரூக்கனில், ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம் என்றால் இலவசம் என்று நம் ஊரில் நினைப்பது போல இல்லை, இந்த எல்.எல்.எம்.முக்குக் கட்டணம் உண்டு. இருந்தாலும் ப்ரூஜோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை, வாடகையும் அடக்கம்தான். விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட்டில் போட்டுக் காட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. அதைக் கட்டணம் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது உங்கள் பணம்தான். மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்ப வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் பாஸ்போர்ட். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிரந்தர அதிகாரி ஆக, விதிப்படி உறுப்பு நாடு ஒன்றின் குடியுரிமை வேண்டும். ப்ரூஜின் விலையில் பாதி அங்கே சேர்கிற நட்பு வட்டத்துக்கானது; அந்த வட்டம் திறக்கிற கதவு பிரஸ்ஸல்ஸ் கதவு. திருச்சிப் பெண்ணுக்கு அந்தக் கதவு குடியுரிமையாலேயே சாத்தப்பட்டிருக்கிறது. பிறகு எதற்கு 25 ஆயிரம்? சித்தி மகனுக்கோ நிலைமை நேர்மாறு. பிரெஞ்சுக் குடியுரிமை, பிரெஞ்சு தாய்மொழிக்குச் சமம். லக்ஸம்பர்க் நீதிமன்றத்தின் உள்வேலை மொழியே பிரெஞ்சுதான், நீதிபதிகள் உள்ளே கலந்து பேசுவதும் பிரெஞ்சில்தான். அவன் ப்ரூஜுக்கு விண்ணப்பிக்காமல் இருந்தால்தான் தப்பு. பையன் ஃபுளோரன்ஸ் என்கிறான், குன்றும் மாளிகையும் படத்தில் பார்த்து மயங்கி. நாலு வருடம் ஒரே கேள்வியோடு தனியாக உட்கார முடியுமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

அவளுக்கு நான் சொன்னது சார்ப்ரூக்கன். ஜெர்மனியில் பட்டம் வாங்கினால் வேலை தேட 18 மாதம் வரை இருக்க அனுமதி கிடைக்கும். ஆனால் வெறும் எல்.எல்.எம்.மை வைத்து அங்கே கோர்ட்டில் ஏற முடியாது. கம்பெனிகளின் சட்டப் பிரிவு, வர்த்தகம், தரவுப் பாதுகாப்பு போன்ற இடங்களில்தான் தேட வேண்டும். அதற்கும் ஜெர்மன் மொழி தெரிந்திருந்தால்தான் பேச்சே. திரும்பி வந்து இங்கே சட்டக் கல்லூரியில் ஆசிரியர் ஆகிற எண்ணம் இருந்தால், ஓராண்டு எல்.எல்.எம். இங்கே செல்லுமா என்று விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஃபுளோரன்ஸை அவள் முழுக்க விட வேண்டியதும் இல்லை. 1990-இலிருந்து அங்கே ஐரோப்பியச் சட்ட அகாடமி கோடைக்கால வகுப்புகள் நடத்துகிறது. மனித உரிமைச் சட்டம் ஒன்று, ஒன்றியச் சட்டம் ஒன்று. ஈழத்தமிழர் குடும்பங்களில் பலருக்குத் தெரிந்த ஒரு வழக்கை, விடுதலைப் புலிகளைத் தடைப் பட்டியலில் வைத்திருந்த ஆணைகளை ஐரோப்பியப் பொது நீதிமன்றம் 2014-இல் ரத்து செய்ததையும், 2017 ஜூலையில் மேல் நீதிமன்றம் அதை உறுதி செய்ததையும், அவள் ஏற்கெனவே படித்து வைத்திருக்கிறாள். செய்தித்தாளை மட்டும் ஆதாரமாக வைத்து ஒரு அமைப்பைப் பட்டியலில் தொடர்ந்து வைத்திருக்க முடியுமா என்பதுதான் அதில் அவளுக்குப் பிடித்த கேள்வி. அரசியலை விட்டுவிட்டு ஆதாரத்தைப் பார்க்கிற கண். அந்தக் கண்ணுக்கு இரண்டு வாரக் கோடை வகுப்பு போதாதுதான். ஆனால் சார்ப்ரூக்கனிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு ரயில் இருக்கிறது.

முதலில் ஜெர்மன் வகுப்பில் சேர் என்றேன். சேர்ந்துவிட்டாள்.