பழைய வில்லுக்குப் பதிலாக ஒரு சாமிக் சேஜ்

18 வருடம் கூடவே இருந்த ஒரே துண்டு ரிகர்வ் வில்லின் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) கீழ் லிம்ப், அதாவது பிடிக்குக் கீழே வளையும் பகுதி, முறுக்கிக்கொண்டது. தப்பு என்னுடையதுதான், நாணைக் கழற்றாமல் சுவரோரம் சாய்த்தே வைத்திருந்தேன். நாண் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் நழுவ ஆரம்பித்ததும், சரி, போதும் என்று சாமிக் சேஜ் வாங்கினேன்.

62 அங்குலம், மூன்று துண்டு. இரண்டு போல்ட்டைக் கழற்றினால் பைக்குள் அடங்கிவிடும். பழையதை இழுக்க 45 பவுண்டு விசை வேண்டும். தோள்வலி வந்தபின் வீம்பை விட்டுவிட்டு இதில் 35 எடுத்தேன். அந்த எண் 28 அங்குல இழுப்புக்கானது. நான் இழுப்பது 27தான், அதனால் விரலில் ஏறுவது இரண்டு பவுண்டு போலக் குறைவு. தோள் தேறினால் லிம்ப் ஜோடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வாங்கியதற்கு முக்கியக் காரணமே அது.

டேக்ரான் என்ற பாலியஸ்டர் இழை நாண் புதிதில் நீளும். காலையில் எட்டு அங்குலம் வைத்த பிரேஸ் உயரம் (பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி) 50 அம்பு விட்டதும் கால் அங்குலம் இறங்கியிருந்தது. நாணில் ஆறு முறுக்கு கூட்டினேன், சத்தமும் அடங்கியது. பழைய வில்லின் லேசான எடைக்குக் கை இன்னும் ஏங்குகிறது. இது கனம்தான், ஆனால் குறிவைக்கும்போது ஆடாமல் நிற்கிறது.