ஹால் ஆஃப் ஃபேமில் ஆரம்ப கால அறையை விட்டுவிடாதீர்கள்

ஓஹையோவின் கான்டன் நகரில் இருக்கும் ப்ரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு, அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் ஜாம்பவான்களுக்கான அருங்காட்சியகத்துக்கு, போன சனிக்கிழமை மகனோடு மூன்றாவது தடவையாகப் போய்வந்தேன். நாங்கள் இருப்பது ஆக்ரனில். ஐ-77-ல் தெற்கே அரை மணி நேரம்தான். முதல் தடவை, "ஒரு மணி நேரம் போதும், சூப்பர் பவுல் (லீக்கின் இறுதி ஆட்டம்) ஜெயிச்சவங்க மோதிரங்களைப் பார்த்துட்டு வந்துடுங்க" என்று தெரிந்தவர் சொன்னதைக் கேட்டு அவசரமாகத் திரும்பிவிட்டோம். அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.

நுழைந்ததும் ஆரம்ப கால நட்சத்திர ஆட்டக்காரர் ஜிம் தார்ப்பின் ஏழடி வெண்கலச் சிலை. அதைச் சுற்றி ஏறும் சாய்தளம் உங்களை ஆட்டத்தின் ஆரம்ப காலத்துக்குக் கொண்டுபோகும். பெரும்பாலோர் இங்கே நிற்பதில்லை. நீங்கள் நில்லுங்கள். 1892-ல் அலெகெனி கிளப் எழுதிவைத்த வரவு செலவுத் தாளில், ஹெஃபல்ஃபிங்கர் என்ற ஆட்டக்காரருக்கு ஒரே ஆட்டத்துக்கு 500 டாலர் ரொக்கம் என்று ஒரு வரி இருக்கும். காசு வாங்கிக்கொண்டு ஆடியதற்குக் கிடைத்திருக்கும் முதல் சான்று அதுதான்.

நான் திரும்பத் திரும்பப் போவது 1922-ன் கான்டன் புல்டாக்ஸ் டீமுக்காக. அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக் என்.எஃப்.எல் (நேஷனல் ஃபுட்பால் லீக்) என்று பெயர் மாற்றிக்கொண்ட வருடம் அது. 12 ஆட்டம், 10 வெற்றி, 2 டிரா, தோல்வியே இல்லை. அடித்தது 184 பாயிண்ட், விட்டுக்கொடுத்தது வெறும் 15. சிகாகோ பேர்ஸை 7-6 என்று மயிரிழையில் ஜெயித்தார்கள். டேட்டனோடும் டொலீடோவோடும் ஆடிய டிரா இரண்டுமே 0-0. "மொத்த சீசனுக்கும் பதினஞ்சுதானாப்பா?" என்று மகன் இரண்டு தடவை கேட்டான். பள்ளி டீமில் ஆடுகிறவன், அவனுக்கு அதன் அருமை தெரியும். பழைய தோல் ஹெல்மெட் ஒன்றின் முன்னால் நெடுநேரம் நின்றான். காதுக்கு ஓட்டை, தடித்த தையல், முகத்துக்குக் கம்பி கிடையாது. இதை மாட்டிக்கொண்டு அட்டாக், டிஃபென்ஸ் இரண்டையும் அதே ஆட்கள்தான் ஆடினார்கள்.

பிறகு மார்பளவுச் சிலைகளின் அறைக்குப் போங்கள். ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டவர்களின் சிலைகள், மங்கலான வெளிச்சத்தில், சேர்ந்த வருடவாரியாக வரிசை. அந்த 1922 டீமிலிருந்து மூன்று பேர் இருக்கிறார்கள்: 1963-ல் ஹென்றி, 1964-ல் லைமன், 1965-ல் ஆடிக்கொண்டே கோச்சாகவும் இருந்த கை சேம்பர்லின். 1920 செப்டம்பர் 17 அன்று கான்டனில் புல்டாக்ஸ் கிளப்பின் சொந்தக்காரர் ரால்ஃப் ஹே என்பவரின் கார் ஷோரூமில்தான் லீக் உருவானது. நாற்காலி போதாமல் சிலர் கார்களின் படிப்பலகையிலேயே உட்கார்ந்தார்களாம். ஹென்றி புல்டாக்ஸில் சேர்ந்ததும் அதே நாள்தான். உள்ளூர்ப் பத்திரிகையில் அவர் செய்திதான் முதல் பக்கத்தில் வந்தது.

1922 மாதிரி ஒரு சீசன் முடிந்தும் கையில் காசில்லாமல் ஹே கிளப்பை விற்றார் என்பதை மகனிடம் சொன்னபோது எனக்கே தொண்டை அடைத்தது. 1923-லும் தோற்காமல் சாம்பியன் ஆனார்கள். அடுத்த வருடம் கிளப்பைக் கிளீவ்லாந்துக்காரர் ஒருவர் வாங்கி, முக்கிய ஆட்டக்காரர்களைத் தன் ஊருக்கே கொண்டுபோய்விட்டார்.

ஐந்துக்கு ஐந்து தருகிறேன். குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஆகஸ்ட் முதல் வாரம் புதியவர்களைச் சேர்க்கும் விழாக் கூட்டம் நெருக்கும், அப்போது குழந்தைகளோடு வேண்டாம்.