கொரிய எண்கள்: ஹனாவா, இல்லா?

கொரிய மொழியில் எண்கள் இரண்டு வரிசைகளாக இருக்கின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்கு ஹனா, துல், ஸெத் என்பது அவர்களின் சொந்த வரிசை. இல், இ, ஸாம் என்பது சீனத்திலிருந்து வந்தது.

கற்க எளிது சீன வரிசைதான். பத்துச் சொற்கள் போதும், 99 வரை நாமே கட்டிவிடலாம்: 20 என்றால் 'இ ஷிப்', அதாவது இரண்டு பத்து. பணம், தேதி, தொலைபேசி எண், மாடி எல்லாம் இதில்தான். பெரிய தொகையில் மட்டும் நிதானம் தேவை. அங்கே பத்தாயிரம்தான் அலகு, அதன் பெயர் 'மான்'. நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து மான்.

சொந்த வரிசை 99-உடன் நின்றுவிடுகிறது. 20, 30, 40 ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். ஆனால் ஆட்களை எண்ணவும், பொருள்களைக் கேட்கவும், வயது சொல்லவும் இதுவே வரும். எண்ணப்படும் அலகுக்கு முன்னால் ஹனா 'ஹன்' ஆகும், துல் 'து' ஆகும். ஒன்று 'ஒரு' ஆவதை அறிந்த நமக்கு இது புதிதே அல்ல!

மணி சொல்லும்போது இரண்டும் கலக்கின்றன. மூன்றரை மணி 'ஸே ஷி ஸாம்ஷிப் புன்': மணி சொந்த எண்ணில், நிமிடம் சீன எண்ணில்.

கடைக்குப் போகும் பயணி சீன வரிசையில் தொடங்கலாம். பேசிப் பழக விரும்புபவர் முதல் வாரத்திலேயே ஹனா முதல் யொல் வரையிலான பத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பேன்.